"ஓசி சாஃப்ட்வேர்தானே, யார் கேட்கப்போறாங்க?" திறமூல உரிமத்தை மீறினால் சட்டம் என்ன செய்யும்?

சங்கராபுரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் ஏதாவது ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். கல்லாவுக்கு மேலே சுவரில் ஒரு வைஃபை பெட்டி மின்னிக்கொண்டிருக்கும். பக்கத்தில் சிசிடிவி ரெக்கார்டர். மூலையில் ஸ்மார்ட் டிவி. கடைக்காரர் சட்டைப் பையில் ஆண்ட்ராய்டு போன்.

இந்த மாதிரிக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது லினக்ஸ். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி, இன்று உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து எழுதிவரும் மென்பொருள் அது. அதற்குக் காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம்.

பெட்டியைப் பிரிக்கும்போது உள்ளே மடித்து வைத்த ஒரு தாள் இருக்கும். பொடி எழுத்தில் 'இந்தக் கருவியில் ஜிபிஎல் உரிமம் பெற்ற மென்பொருள் உள்ளது, மூலநிரல் வேண்டுமானால் எழுதிக் கேளுங்கள்' என்கிற பொருளில் நாலு வரி ஆங்கிலத்தில் இருக்கும். தெர்மாகோலோடு சேர்ந்து அதுவும் குப்பைக்குப் போய்விடும். ஆனால் அது விளம்பரத் தாள் இல்லை, சட்டப்படி கொடுக்கப்பட்ட ஒரு வாக்குறுதி. சில பெட்டிகளில் அந்தத் தாளே இருப்பதில்லை. கேட்டாலும் மூலநிரல் வருவதில்லை. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

'சும்மா கிடைச்சதுதானே, இதுக்கெல்லாம் கேஸா?' என்று தோன்றலாம். ஆமாம், கேஸ்தான். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நீதிமன்றங்கள் இதில் தீர்ப்பு சொல்லியிருக்கின்றன. இந்தியச் சட்டத்திலும் இதற்கு இடமிருக்கிறது.

புறம்போக்கு இல்லை, ஊர் ஏரி

கிராமத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வித்தியாசம் உண்டு. புறம்போக்கு என்றால் 'யாருது?' என்று கேட்காமல் வளைத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர் ஏரி அப்படி இல்லை. தண்ணீர் எல்லாருக்கும் உண்டு, காசும் இல்லை. ஆனால் முறை உண்டு. மதகை அடைக்கக் கூடாது, வாய்க்காலைத் தன் வயலோடு சேர்த்துக்கொள்ளக் கூடாது, குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரணும். கல்வராயன் மலையில் பிறந்து வரும் மணிமுக்தா, கோமுகித் தண்ணீரை நம்பி விவசாயம் செய்யும் இந்தப் பகுதிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

திறமூல மென்பொருள் இரண்டாவது வகை. அதற்கு உரிமையாளர் உண்டு. எழுதியவருடைய பதிப்புரிமை அவரிடமே இருக்கிறது. 'இந்த நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டால் நீங்களும் பயன்படுத்திக்கொள்ளலாம்' என்று அவர் எழுதிக் கொடுத்த அனுமதிதான் உரிமம், அதாவது லைசென்ஸ். நிபந்தனையை மீறினால் அனுமதி போய்விடும். அனுமதி இல்லாமல் இன்னொருவர் எழுதியதைப் பிரதி எடுப்பது எதுவோ அதுவே இதுவும்: பதிப்புரிமை மீறல்.

எத்தனை வகை உரிமம்?

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரித்துவிடலாம்.

முதல் குடும்பம் தாராளமானது. எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி எல்லாம் இதில் வரும். 'எடுத்துக்கோ, மாத்திக்கோ, மூடி வச்சு வித்துக்கோ. என் பெயரையும் இந்த உரிமக் குறிப்பையும் மட்டும் எடுத்துடாதே' என்பதுதான் இதன் சாரம். தமிழ் எழுத்துகளைக் கணினியில் கையாள உதவும் 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பு எம்ஐடி உரிமத்தில்தான் கிடைக்கிறது.

இரண்டாவது குடும்பம் 'காப்பிலெஃப்ட்'. இதில் முக்கியமானது ஜிபிஎல். அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்து, 1985-ல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். ஜிபிஎல் உரிமத்தின் முதல் பதிப்பு 1989-ல் வந்தது. இரண்டாம் பதிப்பு 1991-ல், மூன்றாம் பதிப்பு 2007-ல். லினக்ஸ் இன்றும் இரண்டாம் பதிப்பின் கீழ்தான் இருக்கிறது. 'நீ மாற்றி அடுத்தவருக்குக் கொடுத்தால், உனக்குக் கிடைத்த அதே சுதந்திரத்தை அவருக்கும் கொடு. மூலநிரலையும் கொடு' என்பது இதன் நிபந்தனை. தமிழில் நிரல் எழுதுவதற்கான 'எழில்' மொழி ஜிபிஎல் உரிமத்தில் வெளியானது.

எழுத்துருக்களுக்கும் இப்படித் தனி உரிமம் உண்டு. ரெட் ஹேட் நிறுவனம் வெளியிட்ட 'லோகித் தமிழ்' எழுத்துரு முதலில் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. பின்னர் ஓஎஃப்எல் எனும் எழுத்துரு உரிமத்துக்கு மாறியது. அந்த எழுத்துருவில் ஃபிளெக்ஸ் அடிக்கலாம், கல்யாணப் பத்திரிகை அடிக்கலாம், ஒன்றும் தடையில்லை. எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது.

ஒரு உதாரணம்: நெல் வியாபாரிக்கு ஒரு சாஃப்ட்வேர்

சங்கராபுரத்தில் ஒரு பட்டதாரிப் பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர் நெல் வியாபாரி ஒருவருக்கு மூட்டை, எடை, பாக்கிக் கணக்கு எல்லாம் தமிழில் காட்டும் மென்பொருள் எழுதித் தருகிறார். நன்றாக வேலை செய்கிறது. பக்கத்து ஊர்களில் பத்துக் கடைக்காரர்கள் கேட்கிறார்கள், விற்கிறார்.

அதில் 'ஓப்பன் தமிழ்' பயன்படுத்தியிருந்தால், அதன் உரிமக் குறிப்பைத் தன் மென்பொருளோடு சேர்த்து வைத்தால் போதும். வேலை முடிந்தது.

ரசீது அச்சிடும் பகுதியை ஜிபிஎல் உரிமத்தில் உள்ள ஒரு நிரலிலிருந்து எடுத்து, தன் நிரலோடு ஒன்றாகக் கோர்த்திருந்தால் நிலைமை வேறு. அந்தப் பத்துக் கடைக்காரர்களுக்கும் மூலநிரலைக் கொடுக்க வேண்டும், அல்லது கொடுப்பதாக எழுதித் தர வேண்டும். அவர்கள் அதை மாற்றினாலும், இன்னொருவருக்குக் கொடுத்தாலும் தடுக்க முடியாது.

இங்கே மூன்று தவறான புரிதல்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

'ஜிபிஎல்-னா விக்கவே கூடாது' என்பது முதலாவது. தவறு. தாராளமாக விலை வைத்து விற்கலாம். வாங்கியவருக்கு மூலநிரலும் சுதந்திரமும் சேர்ந்து போகணும், அவ்வளவுதான்.

'எழுதினதை எல்லாம் இணையத்துல போட்டே ஆகணும்' என்பது இரண்டாவது. இதுவும் தவறு. மென்பொருளைத் தரும்போதே மூலநிரலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், வாங்கியவரோடு கடமை முடிந்தது. மூலநிரல் இல்லாமல் கொடுத்துவிட்டு 'பிறகு கேட்டால் தருகிறேன்' என்றால்தான் சிக்கல். ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின்படி அந்த வாக்குறுதி குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். வாங்காத மூன்றாம் நபர் கேட்டாலும் கொடுக்க வேண்டும்.

'நான் சர்வர்ல வச்சு ஓட்டுறேன், யாருக்கும் காப்பி கொடுக்கல' என்பது மூன்றாவது. சாதாரண ஜிபிஎல் என்றால் இது சரி. யாருக்கும் பிரதி தராதவரை நிபந்தனை எழாது. ஆனால் ஏஜிபிஎல் எனும் உரிமம் இந்த ஓட்டையை அடைக்கவே எழுதப்பட்டது. ஏஜிபிஎல் நிரலை மாற்றி இணையச் சேவையாக நடத்தினால், அந்தச் சேவையைப் பயன்படுத்துகிறவர்களுக்கும் மூலநிரல் கிடைக்க வழி செய்ய வேண்டும்.

இப்போது கதையைத் திருப்பிப் போடுவோம். அந்தப் பெண் தன் மென்பொருளை ஜிபிஎல் உரிமத்தில் இணையத்தில் போடுகிறார். பெருநகரத்து நிறுவனம் ஒன்று அதை எடுத்து, அவர் பெயரை அழித்துவிட்டு, தன் லோகோவை ஒட்டி மாவட்டம் மாவட்டமாக விற்கிறது. மூலநிரல் கேட்டால் பதில் இல்லை. அவர் என்ன செய்ய முடியும்?

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன?

ரொம்ப நாள் 'இந்த உரிமங்கள் எல்லாம் கோர்ட்ல நிக்காது' என்ற பேச்சு இருந்தது. அதை முதலில் உடைத்தது ஜெர்மனி. லினக்ஸின் நெட்ஃபில்டர் பகுதியை எழுதியவர்களில் ஒருவரான ஹரால்ட் வெல்ட்டே, தன் நிரலை வைஃபை ரூட்டரில் வைத்துக்கொண்டு ஜிபிஎல் நிபந்தனைகளைப் பின்பற்றாத சைட்காம் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார். 2004 ஏப்ரலில் மியூனிக் மாவட்ட நீதிமன்றம் தடை விதித்தது. மே மாதம் அதை உறுதிசெய்தது.

அமெரிக்காவில் திருப்புமுனை 2008 ஆகஸ்டில் வந்தது. பொம்மை ரயில்களைக் கணினியால் இயக்கும் ஒரு திறமூல மென்பொருள்தான் வழக்கின் மையம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ராபர்ட் ஜேகப்சன், தன் குழுவின் கோப்புகளை எழுதியவர் பெயரும் உரிமக் குறிப்பும் இல்லாமல் பயன்படுத்தியவர் மீது வழக்குத் தொடுத்திருந்தார். காசு வாங்காமல் கொடுத்ததாலேயே நிபந்தனைக்கு மதிப்பில்லை என்று ஆகாது, அதை மீறினால் பதிப்புரிமை மீறலாகும் என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பொம்மை ரயில் வழக்குதான், ஆனால் அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்களின் சட்டப் பிரிவுகள் திறமூல உரிமங்களை உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தன.

2010-ல் நியூயார்க் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. பிஸிபாக்ஸ் எனும் ஜிபிஎல் மென்பொருளை டிவிக்களில் வைத்து விற்ற வெஸ்டிங்ஹவுஸ் டிஜிட்டல் நிறுவனம் 90,000 டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது. வழக்குச் செலவு தனி. மீறலில் சிக்கிய, கையிருப்பில் உள்ள டிவிக்களையும் ஒப்படைக்கச் சொன்னது.

அரசுத் துறைகள் கவனிக்க வேண்டிய வழக்கு பிரான்சில் நடந்தது. ஆந்த்ரூவேர் என்ற சிறு நிறுவனம் 'லாசோ' எனும் நிரல்தொகுப்பை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டிருந்தது. தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்சு, பிரெஞ்சு அரசின் பொதுச்சேவை இணையதளத்துக்காக அதைப் பயன்படுத்தியது, நிபந்தனைகளைப் பின்பற்றவில்லை. 2011-ல் வழக்கு தொடங்கியது. 2024 பிப்ரவரி 14-ல் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆரஞ்சு 5 லட்சம் யூரோ பொருளிழப்புக்கும் 1.5 லட்சம் யூரோ நற்பெயர் இழப்புக்கும் தர உத்தரவிட்டது. சின்ன நிறுவனம் ஜெயித்தது. ஆனால் 13 ஆண்டுகள் ஆயின. இந்த இரண்டையும் சேர்த்தேதான் நினைவில் வைக்க வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, கணினி நிரலை 'இலக்கியப் படைப்பு' என்ற வகையில் வைக்கிறது. நாவலுக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு நிரலுக்கும் உண்டு: எழுதியவர் வாழ்நாளும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும். பதிவு செய்தால்தான் உரிமை என்பதில்லை. எழுதிய நொடியிலேயே உரிமை வந்துவிடும்.

இணையத்தில் பொதுவாகப் போட்டுவிட்டதால் உரிமை போய்விடுமா? போகாது. உரிமையை விட்டுக்கொடுக்க 21-வது பிரிவு தனி நடைமுறை வைத்திருக்கிறது.

இணையத்தில் ஒரு கோப்பாகக் கிடக்கும் உரிமம் செல்லுமா? 30-வது பிரிவு, உரிமம் எழுத்துமூலம் இருக்க வேண்டும் என்கிறது. முன்பு கையெழுத்தும் வேண்டும் என்று இருந்தது. 2012 திருத்தம் அந்தக் கையெழுத்து நிபந்தனையை நீக்கியது. சின்ன மாற்றம்தான், ஆனால் யாரும் யாரையும் நேரில் பார்க்காமலே கைமாறும் திறமூல உரிமங்களுக்கு இது பெரிய பலம்.

அந்தச் சங்கராபுரம் பெண்ணின் கையில் இருக்கும் வழிகள் இவை:

* 55-வது பிரிவின் கீழ் தடை உத்தரவு, இழப்பீடு, மீறியவர் சம்பாதித்த லாபத்தின் கணக்கு ஆகியவற்றைக் கேட்கலாம்.
* 57-வது பிரிவின் கீழ் 'இதை எழுதியது நான்' என்று உரிமை கோரலாம். பதிப்புரிமையை விற்ற பிறகும் இந்த உரிமை எழுதியவரிடமே இருக்கும்.
* 62-வது பிரிவின்படி, வழக்குப் போட நிறுவனம் இருக்கும் பெருநகரத்துக்கு அலைய வேண்டியதில்லை. தான் வசிக்கும் இடத்துக்கு அதிகாரம் உள்ள மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம்.
* உரிமக் குறிப்பையும் எழுதியவர் பெயரையும் தெரிந்தே அழிப்பது 65பி பிரிவின் கீழ் குற்றமாகலாம். தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை.
* தெரிந்தே பதிப்புரிமையை மீறினால் 63-வது பிரிவின் கீழ் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். இது பிணையில் விட முடியாத, வாரண்ட் இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் தீர்ப்பளித்தது.

காலக்கெடுவையும் மறக்கக் கூடாது. இழப்பீடு கேட்க, மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள்தான்.

அப்படின்னா ஏன் இத்தனை மீறல்?

சட்டம் இருக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது. யாராவது கேட்டால்தான் நடக்கும். அந்த 'யாராவது' எங்கே இடறுகிறார் என்பதுதான் விஷயம்.

முதலில், மீறலைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். கருவிக்குள் இருப்பது மனிதர் படிக்கிற நிரல் இல்லை, இயந்திரத்துக்கு மாற்றப்பட்ட வடிவம். உள்ளே எது இருக்கிறது என்று தோண்டிப் பார்க்கவே திறமை வேண்டும்.

அடுத்து, நிரூபிப்பது. ஆயிரம் பேர் சேர்ந்து எழுதிய மென்பொருளில் எந்த வரி யாருடையது? லினக்ஸ் நிரலாளர் கிறிஸ்டோஃப் ஹெல்விக், விஎம்வேர் நிறுவனத்தின் மீது ஜெர்மனியில் 2015-ல் போட்ட வழக்கு இந்த இடத்தில்தான் விழுந்தது. தன் பங்களிப்பு எதுவென்று அவர் போதிய அளவு நிரூபிக்கவில்லை என்று 2019-ல் ஹாம்பர்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்கில் ஜெயித்த விஎம்வேர், சர்ச்சைக்குரிய அந்தப் பகுதியைத் தன் மென்பொருளிலிருந்து நீக்கப்போவதாகப் பின்னர் அறிவித்தது என்பது வேறு கதை.

மூன்றாவது, செலவு. பெருநகரத்து நிறுவனத்துக்கு வக்கீல் செலவு ஒரு கணக்கே இல்லை. நெல் கடைக்கு மென்பொருள் எழுதும் பெண்ணுக்கு அது ஆறு மாத வருமானம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அமலாக்கத்தையே பணம் பறிக்கும் தொழிலாக்கியவர்களும் வந்தார்கள். நெட்ஃபில்டர் குழுவில் இருந்த ஒருவர் ஜெர்மனியில் இப்படி நிறுவனங்களைத் துரத்தியதால், 2016-ல் அந்தக் குழுவே அவரை இடைநீக்கம் செய்தது. அமெரிக்காவின் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி போன்ற அமைப்புகள் 2015-ல் ஒரு நெறிமுறை வெளியிட்டன. மீறியவரைத் திருத்துவதுதான் நோக்கம், பணம் இல்லை. வழக்கு கடைசி வழி என்பது அதன் சாரம். ஜிபிஎல் மூன்றாம் பதிப்பும் முதல் முறை தவறு செய்தவருக்கு அவகாசம் தருகிறது. நோட்டீஸ் கிடைத்து 30 நாளில் சரிசெய்தால், உரிமம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும். லினக்ஸ் நிரலாளர்கள் பலர் 2017-ல் இதே சலுகையைத் தாங்களும் தருவதாக அறிவித்தார்கள்.

இது சரியான அணுகுமுறை. 63-வது பிரிவு கையில் இருக்கிறது என்பதற்காக முதல் நாளே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது திறமூல உலகத்தின் வழக்கம் இல்லை. அறியாமல் செய்கிறவர்கள்தான் அதிகம். ஆனால் சொல்லியும் திருந்தாதவர்களிடம் சட்டத்தைக் காட்டத் தயங்கவும் கூடாது.

வாங்கியவருக்கும் கேட்கும் உரிமை உண்டா?

எழுதியவர்தான் கேட்க வேண்டுமா, கருவியை வாங்கிய நம்மைப் போன்றவர்கள் கேட்கக் கூடாதா? இப்போது உலகம் முழுக்க விவாதம் இதைச் சுற்றித்தான்.

சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்சி, விசியோ நிறுவனத்தின் ஸ்மார்ட் டிவியை வாங்கி, 'வாடிக்கையாளர்' என்ற முறையில் மூலநிரல் கேட்டு 2021 அக்டோபரில் கலிபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. காசு கேட்கவில்லை, நிரலை மட்டுமே கேட்டது. வழக்கை ஆரம்பத்திலேயே முடித்துவிட விசியோ எடுத்த முயற்சியை 2023 டிசம்பரில் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஜெர்மனியில் ஏவிஎம் நிறுவனத்தின் ரூட்டரை வாங்கிய ஒருவர் 2023-ல் வழக்குப் போட்ட பிறகு, கேட்டது கிடைத்தது. வழக்குச் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டியிருந்தது.

கிடைத்தால் என்ன லாபம் என்பதற்கு லிங்க்சிஸ் ரூட்டர் உதாரணம். லினக்ஸ் உள்ளே இருப்பது தெரிந்து நிரலாளர்கள் நெருக்கியதால் 2003-ல் அதன் மூலநிரல் வெளியானது. அதிலிருந்துதான் 'ஓப்பன் டபிள்யூஆர்டி' பிறந்தது. நிறுவனம் கைவிட்ட பழைய ரூட்டர்களுக்கும் இன்று அது பாதுகாப்பு அப்டேட் தருகிறது. கல்வராயன் மலைக் கிராமத்தில் ஒரே போனை ஐந்தாறு வருஷம் வைத்து ஓட்டுகிற குடும்பத்துக்கு இது சும்மா தத்துவம் இல்லை. மூலநிரல் வெளியே இருந்தால் பழைய கருவிக்கு இன்னொருவர் உயிர் கொடுக்க முடியும். இல்லையென்றால், நிறுவனம் அப்டேட்டை நிறுத்திய அன்றே அந்தக் கருவி ஆபத்தானதாகிவிடும்.

அரசு எங்கே வருகிறது?

தமிழக அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கியது அது. சங்கராபுரத்தில் பலர் முதன்முதலில் லினக்ஸைப் பார்த்தது அந்த மடிக்கணினியில்தான் இருக்கும். 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று அறிவிப்பு வந்தது. மத்திய அரசும் 2015-லேயே, அரசு அலுவலகங்கள் திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கொள்கை வெளியிட்டிருக்கிறது.

ஆக, இந்தச் சந்தையில் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று அரசுதான். தனி ஆள் கேட்டால் பதில் சொல்லாத நிறுவனம், டெண்டரில் ஒரு வரி இருந்தால் ஓடி வந்து கொடுக்கும். மடிக்கணினியோ, சிசிடிவியோ, இணையதளமோ, எதை வாங்கினாலும் 'உள்ளே என்னென்ன திறமூல மென்பொருள் இருக்கிறது, எந்த உரிமம், மூலநிரல் எங்கே' என்ற பட்டியலைக் கட்டாயமாக்க வேண்டும். இது புதுசும் இல்லை. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2024 அக்டோபரில் மென்பொருள் உட்பொருள் பட்டியலுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டிருக்கிறது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று போட்டிருப்பார்களே, அது மாதிரி. அதில் உரிமமும் ஒரு கட்டம்.

அரசே மீறுகிறவராகிவிடும் ஆபத்தும் உண்டு. ஒப்பந்ததாரர் எதை எங்கிருந்து எடுத்தார் என்று கேட்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதைத்தான் பிரெஞ்சு வழக்கு காட்டுகிறது.

ஏஐ எழுதித் தந்த நிரல் யாருடையது?

இப்போது பலர் நிரலை ஏஐ கருவியிடம் கேட்டு வாங்குகிறார்கள். அந்தக் கருவிகள் கற்றது கோடிக்கணக்கான திறமூல வரிகளிலிருந்து. உரிமக் குறிப்பு இல்லாமல் நிரலைத் துப்புகிறது என்று கிட்ஹப் கோபைலட் மீது 2022 நவம்பரில் அமெரிக்காவில் வழக்கு வந்தது. அதில் பல குற்றச்சாட்டுகள் ஆரம்ப கட்டத்திலேயே தள்ளுபடியாகின, உரிம மீறல் தொடர்பான கோரிக்கை தப்பியது. 'ஏஐ குடுத்துச்சு, எனக்குத் தெரியாது' என்ற பதில் தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்து யாரும் வியாபாரம் தொடங்காமல் இருப்பது நல்லது.

இன்றே செய்யக்கூடியவை

நிரல் எழுதுகிறவர்கள்: எதைப் பயன்படுத்தினாலும் அதன் உரிமத்தைப் படித்து, ஒரு கோப்பில் பட்டியல் போட்டு வையுங்கள். வாடிக்கையாளருக்காக எழுதும்போது உரிமை யாருக்கு என்று எழுத்தில் வாங்குங்கள். ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, சம்பளத்துக்கு வேலை பார்த்து எழுதியது முதலாளிக்குச் சொந்தம். தனியாக எழுதிக் கொடுத்தது, எழுதித் தராதவரை உங்களுக்கே சொந்தம்.

நிரலை வெளியிடுகிறவர்கள்: உரிமக் கோப்பு இல்லாமல் வெளியிடாதீர்கள். உரிமம் இல்லை என்றால் 'எல்லாருக்கும் பொது' என்று அர்த்தம் இல்லை, யாருக்கும் அனுமதி இல்லை என்றே அர்த்தம். எந்த வரியை எப்போது எழுதினீர்கள் என்ற மாற்ற வரலாற்றை அழிக்காமல் வையுங்கள். ஹெல்விக் வழக்கு சொல்லும் பாடம் அதுதான். முக்கியமான படைப்பென்றால் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவும் செய்யலாம், கட்டணம் 500 ரூபாய். கட்டாயமில்லை, ஆனால் நீதிமன்றத்தில் சாட்சியாக உதவும்.

மீறலைக் கண்டவர்கள்: முதலில் ஒரு மரியாதையான மின்னஞ்சல். ஸ்கிரீன்ஷாட், தேதி, பதிப்பு எண் எல்லாம் சேமித்து வையுங்கள். பதில் இல்லை என்றால் வக்கீல் நோட்டீஸ். அதற்கும் அசையவில்லை என்றால் நீதிமன்றம். சங்கராபுரம் 2019 வரை இருந்த விழுப்புரம் மாவட்டத்தில், கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தரும் விழுப்புரம் குனு லினக்ஸ் பயனர் குழு இயங்குகிறது. தனியாகப் போராடுவதைவிட இப்படிக் குழுவோடு சேர்ந்து கேட்டால் குரலுக்கு எடை கூடும்.

கருவி வாங்குகிறவர்கள்: அந்தத் துண்டுத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள முகவரிக்கு ஒரு முறை எழுதிக் கேட்டுப் பாருங்கள். நிரல் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கேட்பவர் இருக்கிறார் என்று நிறுவனத்துக்குத் தெரிவதே பாதி அமலாக்கம்.

திறமூல மென்பொருளை எழுதியவர்கள் விலை கேட்கவில்லை. பெயரை அழிக்காதே, கிடைத்ததை அடுத்தவருக்கும் திறந்து வை என்று மட்டும் கேட்டார்கள். அதைக்கூடச் செய்யாமல் சம்பாதிக்கிறவரைக் கேள்வி கேட்க ஆளில்லை என்றால், அடுத்த முறை சங்கராபுரத்தில் ஒரு பெண் தன் நிரலைப் பொதுவில் போட யோசிப்பார். ஏரியை ஒருவர் வளைத்துப் போட்டால் வாய்க்காலின் கடைசி வயல்தான் முதலில் காயும். இந்தத் துறையில் அந்தக் கடைசி வயல் சங்கராபுரம் போன்ற ஊர்கள்தான். அதனால் கேள்வியும் இங்கிருந்தே எழ வேண்டும்.